பையைக் கழற்றாத பிள்ளை: ஆரம்பப் பாடசாலைக்குள் உளநல ஆதரவை ஊரே கொண்டுவர முடியுமா?

பதிவு 1 | பூவரசடி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சிறிய பாடசாலையில் தரம் 2 கற்பிக்கிறேன். பணிக்கு வந்து 21 ஆண்டுகள். இந்த ஆண்டு வகுப்பில் 24 பிள்ளைகள். அவர்களில் ஒருவனைப் பற்றிச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவன் காலையில் வந்து கதிரையில் அமர்ந்தால் புத்தகப்பையைக் கழற்றுவதில்லை. முதுகில் பை இருப்பதால் சாய்ந்து உட்கார முடியாது; கதிரையின் நுனியில் இருந்தபடியே எழுதுவான். சாப்பிடும்போதும் பை. முற்றத்தில் மற்றப் பிள்ளைகள் ஓடி விளையாடும்போதும் பையோடு மதிலோரம் நிற்பான். முதல் வாரம் அதட்டினேன். இரண்டாம் வாரம் நானே கழற்றப் போனேன். இரண்டு வாரையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடுங்கினான். அந்தக் கைகளைப் பார்த்த பிறகுதான் தாயை அழைத்துக் கதைக்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வந்தது.

ஓராண்டுக்குள் மூன்று வாடகை வீடு மாறியிருக்கிறார்கள். நுண்கடன் தவணை கட்ட முடியாமல் ஒரு முறை இரவோடிரவாக வெளிக்கிட்டபோது இவனுடைய கொப்பிகளும் வர்ணப் பென்சில் பெட்டியும் அங்கேயே விடுபட்டுவிட்டன. அன்றிலிருந்து பையை இறக்குவதில்லை. நித்திரை கொள்ளும்போது தலைமாட்டில் வைத்துக்கொள்கிறானாம்.

இவன் போரைப் பார்த்த பிள்ளை அல்லன். 2009 க்குப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்தவன். ஆனாலும் எந்த நேரமும் ஓடத் தயாராக இருக்கிறான்.

வைத்தியரிடம் காட்டலாமே என்று தாயிடம் சொன்னேன். "என்ர பிள்ளைக்கு விசர் இல்லை, ரீச்சர்" என்று எழுந்து போய்விட்டார். நான் சொன்ன விதம் பிழை என்று இப்போது தெரிகிறது. என் கேள்வி இதுதான்: இப்படிப்பட்ட பிள்ளையை எங்கோ அனுப்பாமல், அவன் இருக்கிற இடத்திலேயே, அவனுக்குத் தெரிந்த மனிதர்களைக் கொண்டே ஆதரவு கொடுக்க ஏதாவது வழி இருக்கிறதா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பதிவு 2 | தென்மராட்சியான்

ஆசிரியை அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் ஒரு தகப்பனாக என் பயத்தைச் சொல்ல வேண்டும். இந்தப் பெயரில் இன்னொரு படிவம், இன்னொரு கூட்டம், இன்னொரு பதாகை வந்து, கடைசியில் பிள்ளையின் நெற்றியில் ஒரு முத்திரைதான் மிஞ்சும். தரம் 2 இல் "இவனுக்கு மனப்பிரச்சினை" என்று ஒருவர் சொன்னால் தரம் 11 வரை அது போகும். எங்கள் ஊரில் பட்டப்பெயர் அழிவதில்லை.

பதிவு 3 | கடலோரம்

நான் தீவகத்தில் கற்பிக்கிறேன். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி ஒரு மணித்தியாலம். கடல் குழம்பினால் அதுவும் இல்லை. நிபுணர் வருவார் என்று காத்திருந்தால் பிள்ளை வளர்ந்து போய்விடும். ஆகவே பூவரசடி அக்கா கேட்கிற "தெரிந்த மனிதர்கள்" என்ற வழியைத் தவிர எங்களுக்கு வேறு வழியே கிடையாது. இந்த இழையைத் தொடர்ந்து வாசிப்பேன்.

பதிவு 4 | வேப்பநிழல்

உளசமூகப் பணியில் 2005 தொடக்கம் இருக்கிறேன். ஆழிப்பேரலைக்குப் பிறகு வடமராட்சி கிழக்கில் கூடாரங்களுக்கு இடையே பாயை விரித்துப் பிள்ளைகளோடு இருந்துதான் இந்த வேலையைப் பழகினேன். எனவே சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், பூவரசடி கேட்பது புதிய விடயமே அல்ல. யாழ்ப்பாணம் இந்தத் துறையில் உலகுக்குச் சொல்லிக்கொடுத்த ஊர். வைத்தியர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த போர்க்காலத்தில், ஊர்மட்டத் தொண்டர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தமிழிலேயே கைநூல் தயாரித்துப் பயிற்சி கொடுத்தவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். தனி ஒருவரின் நோய் என்று மட்டும் பார்க்காமல் "கூட்டு மனவடு", அதாவது ஒரு சமூகமே சேர்ந்து சுமக்கும் மனக்காயம், என்று அவர் எழுதியதும் இங்கே பார்த்ததை வைத்துத்தான். குடும்பம் குலைந்தால், கோயில் திருவிழா நின்றால், அயலட்டை சிதறினால், அதுவே காயம் என்றார். காயம் அங்கே என்றால் ஆற்றுவதும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நாங்கள் பேசும் நெருக்கீடு (மன அழுத்தம்), பதகளிப்பு (மனப்பதற்றம்), உளவளத்துணை (மன ஆலோசனை) என்ற சொற்களெல்லாம் அந்தக் காலத்துப் பயிற்சி வகுப்புகளில் வாய்க்குப் பழகியவை. 2005 இல் வந்த தேசிய உளநலக் கொள்கையும் பெரிய வைத்தியசாலையிலிருந்து சமூகத்தை நோக்கிப் போக வேண்டும் என்றுதான் சொன்னது.

ஆனால் தரம் 1 முதல் 5 வரையான பிள்ளைகள் எப்போதும் இடைவெளியில் விழுந்துவிடுகிறார்கள். நான் போய்வந்த பாடசாலைகளில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருந்தால் அவருக்கு மேல்வகுப்புப் பிள்ளைகளோடே நேரம் சரியாகிவிடும். சின்னப் பிள்ளையிடம் "உனக்கு என்ன பிரச்சினை?" என்று மேசைக்கு முன்னால் இருத்திக் கேட்டால் பதில் வராது. வயிற்று வலி என்று வரும். இரவில் பாயை நனைப்பதாக வரும். குழப்படி என்று முறைப்பாடாக வரும். அல்லது, எல்லாவற்றையும் விடக் கவனிக்க வேண்டியது, "மிகவும் நல்ல பிள்ளை, சத்தமே இல்லை" என்று பாராட்டாக வரும்.

அந்த மகன் பையைக் கழற்றாமல் இருப்பது அவனுடைய நோய் அல்ல. அவனுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு. அதைப் பறிக்காதீர்கள். பையோடு இருந்தபடியே செய்யக்கூடிய வேலை கொடுங்கள். அவனுடைய பெயர் எழுதிய ஒரு இடத்தை வகுப்பில் உருவாக்குங்கள்: ஒரு தட்டு, ஒரு பெட்டி, எதுவும். இன்று வைத்தது நாளை காலையில் அதே இடத்தில் இருக்க வேண்டும். விடுமுறை கழிந்து வரும்போதும் இருக்க வேண்டும். வார்த்தையால் "பயப்படாதே" என்று சொல்வதைவிட இது அவனுக்கு விளங்கும்.

பதிவு 5 | உளவியல் மாணவி

வேப்பநிழல் ஐயா சொன்னதோடு ஒரு ஆய்வைச் சேர்க்க விரும்புகிறேன். வட இலங்கையில் 9 முதல் 12 வயதான 399 பிள்ளைகளோடு நடந்த பாடசாலைத் திட்டம் ஒன்றின் முடிவு 2012 இல் வெளியானது. உள்ளூரில் பயிற்சி பெற்றவர்கள், நிபுணர் அல்லாதவர்கள், ஐந்து வாரத்தில் 15 அமர்வுகள் நடத்தினார்கள். விளையாட்டு, வரைதல், நாடகம் எல்லாம் கலந்தது. எதிர்பார்த்தபடி மனவடு, மனச்சோர்வு, பதகளிப்பு அறிகுறிகள் பொதுவாகக் குறையவில்லை. நடத்தைப் பிரச்சினைகள் குறைந்தன, அதுவும் வயது குறைந்த பிள்ளைகளில் கூடுதலாக. வருத்தமான விடயம், திட்டத்தில் இருந்த பெண்பிள்ளைகளுக்கு மனவடு அறிகுறிகள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் திட்டம் இன்னும் கொடுக்கப்படாமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்த பெண்பிள்ளைகளுக்குக் குறைந்த அளவுக்குக்கூடக் குறையவில்லை.

நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதை இதை வாசித்தபோதுதான் உணர்ந்தேன். நாங்கள் செய்வது உதவுகிறதா, இடைஞ்சல் செய்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பதிவு 6 | தென்மராட்சியான்

மகளே, நீங்கள் சொல்வது என் பக்கத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. 15 அமர்வு செய்தும் பலன் கலவை என்றால் எதற்காகத் தொடங்க வேண்டும்?

பதிவு 7 | வேப்பநிழல்

அந்த ஆய்வு எனக்குத் தெரியும். நான் படித்த பாடம் வேறு. ஐந்து வாரம் வந்துவிட்டுப் போவது பிள்ளைக்கு என்ன என்று யோசியுங்கள். வீட்டில் அடி நிற்கவில்லை, சாப்பாடு சரியில்லை, வெளியே சண்டை நிற்கவில்லை. நடுவில் யாரோ வந்து மனதைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். திறந்த கதவை யார் சாத்துவது?

2008 இல் வெளியான இன்னொரு ஆய்வையும் பாருங்கள். வடக்கு கிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். போரும் ஆழிப்பேரலையும் மட்டுமல்ல, வீட்டுக்குள் நடக்கும் வன்முறையும் பிள்ளையின் மனநிலையைத் தீர்மானிக்கிறது என்று காட்டியது. தகப்பனின் குடியும் போரின் அனுபவமும் அந்த வன்முறையோடு சேர்ந்தே இருந்தன. வகுப்பறையில் மட்டும் ஒரு மணித்தியாலம் விளையாடிவிட்டு வீட்டைத் தொடாமல் விட்டால் பாதி வேலைதான். ஊரோடு சேர்ந்து செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இது.

பதிவு 8 | குடும்பநலம்

குடும்பநல உத்தியோகத்தராக இருக்கிறேன். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே அந்த வீட்டுப் படலையைத் திறந்தவள் நான். நிறை பார்க்கவும் தடுப்பூசிக்கும் வந்த பிள்ளைதான் பிறகு தரம் 1 இல் இருக்கிறது. எந்த வீட்டில் மாலை ஆறு மணிக்குப் பிறகு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். பாடசாலைக்கு அது தெரிவதில்லை. தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. உயரம், நிறை, கண், பல் எல்லாம் பார்க்கிறோம். அதே நாளில் வகுப்பாசிரியரோடு பத்து நிமிடம் இருந்து "யாரைப் பற்றி உங்களுக்கு யோசனையாக இருக்கிறது?" என்று கேட்க எந்தப் புதிய சுற்றறிக்கையும் தேவையில்லை. நான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். சொல்வதற்கு ஆசிரியர்களிடம் அவ்வளவு இருக்கிறது.

பதிவு 9 | அம்மம்மா வீடு

நான் படித்தவள் அல்ல, பேரன் தட்டச்சுச் செய்து தருகிறான். என் பேத்தி தரம் 3. மகள் வெளிநாட்டில் வேலை. பிள்ளை ஆறு மாதமாகப் பாடசாலையில் வாய் திறப்பதில்லை, வீட்டில் நன்றாகக் கதைக்கும். நாவூறு என்று நினைத்து மிளகாய் சுற்றினேன். ஐயரிடம் நூல் கட்டினேன். அதைச் சொன்னால் படித்தவர்கள் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எல்லோரும் மரியாதையாகக் கதைப்பதால் சொல்கிறேன். இதற்கு என்ன செய்யலாம்?

பதிவு 10 | வேப்பநிழல்

அம்மா, யாரும் சிரிக்க மாட்டோம். நூல் கட்டியது பிள்ளைமேல் உள்ள அன்பினால். பிள்ளையும் அதை அப்படித்தான் எடுத்திருக்கும். அந்த நூல் கையில் இருக்கட்டும்.

வீட்டில் கதைத்துப் பாடசாலையில் வாய் மூடுவது பிடிவாதம் அல்ல, பயம். தொண்டை இறுகிவிடும். "கதை, கதை" என்று யாரும் வற்புறுத்தக் கூடாது, பரிசு காட்டவும் கூடாது. பாடசாலை விட்ட பிறகு, வகுப்பு வெறுமையாக இருக்கும்போது, நீங்களும் பேத்தியும் மட்டும் உள்ளே இருந்து கொக்கான் விளையாடிப் பாருங்கள். அந்த அறையில் அவளுடைய குரல் ஒருமுறை வரட்டும். பிறகு ஒரு நாள் ஆசிரியை தூரத்தில் கொப்பி திருத்திக்கொண்டு இருக்கட்டும். பிறகு இன்னும் கொஞ்சம் கிட்ட. வாரங்கள் ஆகும். ஒரு மாதத்துக்கு மேலாக இப்படி இருப்பதால் தெல்லிப்பழை வைத்தியசாலை உளநலப் பிரிவிலோ யாழ். போதனா வைத்தியசாலையிலோ ஒருமுறை காட்டுவதும் நல்லது. அங்கே போவதும் இதைச் செய்வதும் ஒன்றுக்கொன்று எதிர் அல்ல.

பதிவு 11 | இரண்டு பிள்ளைகளின் தாய்

எல்லோரும் "ஊர், ஊர்" என்கிறீர்கள். ஊர் என்றால் எனக்குப் பயம். என் கணவர் குடித்த காலத்தில், நம்பி ஒரு தொண்டர் அக்காவிடம் சொன்ன கதை மூன்றாம் நாள் சந்தையில் மரக்கறிக்காரி வாயால் எனக்கே திரும்பி வந்தது. அதன் பிறகு என் மகன் இரண்டு வாரம் பாடசாலைக்குப் போக மறுத்தான். மற்றப் பிள்ளைகள் அவனிடம் கேட்டிருக்கிறார்கள். சமூகம் ஆதரவு தரும் என்பது உண்மையாக இருக்கலாம். அதே சமூகம்தான் தின்னவும் செய்யும். இதற்குப் பதில் சொல்லாமல் மேலே போகாதீர்கள்.

பதிவு 12 | பூவரசடி

சகோதரி, இதைப் படித்துவிட்டு நேற்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஆசிரியர் அறையில் தேநீர் குடித்துக்கொண்டே பிள்ளைகளின் வீட்டுக் கதையைக் கதைப்பவர்களில் நானும் ஒருத்தி. தீங்கு நினைத்தல்ல, கவலையில்தான். ஆனால் கவலையில் சொன்னதும் சந்தைக்குப் போகும்தானே.

பதிவு 13 | குடும்பநலம்

அந்தச் சகோதரியின் கேள்வியை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்க வேண்டும். எங்கள் பகுதியில் சில விடயங்களைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்கிறோம். பிள்ளைகளோடு இருக்கப் பாடசாலைக்கு வருகிற தொண்டர் அதே கிராம அலுவலர் பிரிவைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. பஸ்ஸில் இரண்டு தரிப்பிடம் தள்ளியாவது இருக்க வேண்டும். பிள்ளையிடம் கதை கேட்பது அவருடைய வேலை அல்ல. விளையாடுவதும் கூட இருப்பதும்தான் வேலை. பிள்ளையாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், தோண்டக் கூடாது. பெயர் எழுதிய தாள் பாடசாலைக்கு வெளியே போகக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதில் மறைவு கிடையாது: யாராவது பிள்ளையைத் துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் "இரகசியமாக வைத்திருப்பேன்" என்று பிள்ளைக்கு ஒருபோதும் வாக்குக் கொடுக்க வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் இரவிலும் எடுக்கும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பெரியவர்கள் தாங்களே தாங்க முடியாத நிலையில் இருந்தால் உளநல உதவிக்கு 1926.

பதிவு 14 | இரண்டு பிள்ளைகளின் தாய்

கதை கேட்பது வேலை அல்ல என்று சொன்னீர்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. அன்று அந்த அக்கா என் மகனோடு பந்து மட்டும் விளையாடியிருந்தால் போதும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

பதிவு 15 | நாவற்குழிப் பாலம்

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். 30.10.1995 இரவு வலிகாமத்திலிருந்து வெளியேறிய சனத்தோடு நாவற்குழிப் பாலத்தில் நின்றபோது எனக்கு ஏழு வயது. அப்பாவின் சைக்கிள் கரியரை விட்டால் தொலைந்துபோவேன் என்று விடியும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். கை விறைத்துப் போனது. சாவகச்சேரிக்குப் போன பிறகும் பல நாட்கள் எதையாவது பிடித்துக்கொண்டுதான் நித்திரை கொண்டேன். யாரும் கேட்கவில்லை. கேட்க அவர்களுக்கு எங்கே நேரம் இருந்தது. அந்தப் பையனின் கதையைப் படித்தபோது என் விரல்கள் நொந்தன.

நானும் நண்பர்களும் பணம் சேர்த்து உங்கள் பாடசாலையில் ஒரு உளவளத்துணை அறை கட்டித் தர விரும்புகிறோம். எவ்வளவு ஆகும் என்று சொல்லுங்கள்.

பதிவு 16 | கடலோரம்

தம்பி, உங்கள் மனதுக்கு நன்றி. ஆனால் அறை வேண்டாம். வாசலில் "உளவளத்துணை" என்று பலகை மாட்டிய அறைக்குள் ஒரு பிள்ளை போவதை இருநூறு கண் பார்க்கும். எங்கள் பாடசாலையிலும் யாரோ கட்டித்தந்த அறை ஒன்று உண்டு. இப்போது அதற்குள் உடைந்த கதிரைகள் இருக்கின்றன. பணம் கொடுப்பதென்றால் ஒரு ஆளின் போக்குவரத்துக் காசைக் கொடுங்கள். ஒரு மாதத்துக்கு அல்ல, மூன்று ஆண்டுக்கு. அதே ஆள், அதே நாள், அதே நேரம் வர வேண்டும். கட்டடத்துக்குக் கல்வெட்டு வைக்கலாம், பஸ் காசுக்கு வைக்க முடியாது. அதனால்தான் பஸ் காசு கொடுக்க ஆள் கிடைப்பதில்லை.

பதிவு 17 | நாவற்குழிப் பாலம்

விளங்குகிறது அண்ணை. மூன்று ஆண்டுக்கு நான் பொறுப்பு. பெயர் எங்கும் வேண்டாம்.

பதிவு 18 | தென்மராட்சியான்

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். எதிர்த்துத்தான் வந்தேன். இப்போது எனக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது, யாரையும் புண்படுத்த அல்ல. பிள்ளைகளைப் பதகளிக்க வைப்பதில் நாங்களும் பங்காளிகள் இல்லையா? என் மூத்தவன் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்த ஆண்டில் விடிய ஐந்து மணிக்கு எழுப்பினேன். பாடசாலை விட்டதும் ஒரு ரியூசன், மாலையில் இன்னொன்று. வெட்டுப்புள்ளிக்கு நான்கு புள்ளி குறைவு. பெறுபேறு வந்த அன்று அவன் வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் இருட்டும்வரை இருந்தான். நான் போய்க் கூட்டி வரவில்லை. கோபத்தில் இருந்தேன். பத்து வயதுப் பிள்ளை. வெள்ளைச் சட்டை போட்டவர் ஒருவர் வந்து என் மகனுக்கு ஆதரவு கொடுக்க வேண்டியதில்லை. அன்று நான் ஒரு கதிரையைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும்.

பதிவு 19 | பூவரசடி

ஐயா, நீங்கள் எழுதியதற்கு நானும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. என் மேசையில் பல ஆண்டுகள் பூவரசம் தடி இருந்தது. உடல் தண்டனையைத் தடை செய்த 2016 சுற்றறிக்கைக்குப் பிறகு அடிக்கவில்லை, ஆனால் தடியை எடுத்து எறியவும் இல்லை. "சும்மா பயம் காட்ட" என்று வைத்திருந்தேன். இந்த இழை தொடங்கி நான்காம் நாள்தான், நான் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் முன்வரிசைப் பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்காமல் தடியைப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனித்தேன். அன்றே குசினிக்குக் கொண்டுபோய் அடுப்பில் வைத்துவிட்டேன். சத்துணவு சமைக்கும் தாய்மார் ஏன் என்று கேட்டார்கள். காரணம் சொன்னேன். அங்கே தொடங்கியதுதான் இப்போது நடப்பதெல்லாம்.

அந்தத் தாய்மாருக்குப் பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரியாதது தெரிந்திருக்கிறது. யார் இரண்டு முறை சோறு கேட்கிறான், யார் பாதியைத் தங்கைக்கு என்று பொட்டலம் கட்டுகிறாள், யார் திங்கட்கிழமையில் மட்டும் சாப்பிடாமல் இருக்கிறான். பையனின் தாயையும் சமையல் முறைக்கு அழைத்துக்கொண்டோம். பிள்ளைக்கு விசர் என்று நான் சொல்லவில்லை, பையை வைக்க ஒரு இடம் செய்து தரப் போகிறோம் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். தச்சுவேலை தெரிந்த ஒரு தகப்பன் 24 தட்டு அடித்துத் தந்தார், எல்லோருக்கும் ஒன்று, தனியாக அவனுக்கு என்று தெரியாதபடி. அவன் பையை இன்னும் கழற்றவில்லை. ஆனால் கடந்த வியாழன் பையைத் திறந்து பென்சில் பெட்டியை மட்டும் தட்டில் வைத்தான். வெள்ளி காலையில் வந்ததும் முதலில் போய்ப் பார்த்தான். இருந்தது.

பதிவு 20 | உளவியல் மாணவி

அக்கா, நான் வரலாமா? உங்கள் ஊரிலிருந்து மூன்று தரிப்பிடம் தள்ளித்தான் என் வீடு. ஆசிரியர்கள் நிரப்பக்கூடிய 25 கேள்விப் படிவம் ஒன்று தமிழில் இருக்கிறது. உணர்வு, நடத்தை, அமைதியின்மை, நண்பர்கள், பிறருக்கு உதவுதல் என்று ஐந்து பகுதி. பிள்ளைக்கு நோய்ப்பெயர் வைக்க அல்ல. மாதங்கள் கழித்து நாங்கள் உதவினோமா என்று எங்களையே பார்க்க. பெண்பிள்ளைகளைத் தனியாகக் கவனித்துப் பார்ப்பேன், அந்த ஆய்வை நான் மறக்கவில்லை.

பதிவு 21 | வேப்பநிழல்

வாருங்கள் மகளே. முதல் மாதம் படிவத்தைப் பையிலேயே வைத்திருங்கள். கிளித்தட்டு விளையாடத் தெரியுமா?

பதிவு 22 | உளவியல் மாணவி

தெரியும் ஐயா. அம்மாவிடம் கீச்சு மாச்சுத் தம்பலமும் கேட்டுப் பழகிவிட்டேன்.

பதிவு 23 | பூவரசடி

அதிபர் சம்மதித்துவிட்டார், கோட்டக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதமும் கொடுத்தாயிற்று. பெற்றோருக்கும் கூட்டத்தில் விளக்கினோம். மூவர் வேண்டாம் என்றார்கள், அவர்களின் பிள்ளைகள் அந்த நேரம் பக்கத்து ஆசிரியையோடு வாசிப்பார்கள். ஒவ்வொரு செவ்வாயும் 10.30 முதல் 11.30 வரை, மகிழமரத்தடியில். மழை வந்தால் தரம் 2 வகுப்பறை. பத்து மணி பஸ்ஸில் ஏறினால் சரியாக இருக்கும். தண்ணீர்ப் போத்தல் கொண்டு வாருங்கள், எங்கள் கிணறு இப்போது கொஞ்சம் உப்பு. பாய் இரண்டு இருக்கிறது, மூன்றாவது ஒன்று கிடைத்தால் நல்லது.

பதிவு 24 | அம்மம்மா வீடு

பாய் என்னிடம் இருக்கிறது. பன்புல் பாய், நானே இழைத்தது. திங்கள் பின்னேரம் பேரனிடம் கொடுத்துவிடுகிறேன்.